கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு மூணு நாள், உயிர் உரம் போட்டும் வேர்ல முடிச்சு இல்ல: மைக்ரோபயாலஜி ஆராய்ச்சி நிஜமா நம்ம கைக்கு வந்து சேருதா?

வரப்போரம் எழுதினது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையா படிங்க. போன ரெண்டு மாசத்துல பாக்டீரியா ரெண்டு தடவை எங்க வீட்டுக் கதைக்குள்ள வந்துருச்சு, ஒண்ணு அப்பா உடம்புல, இன்னொண்ணு வயல்ல.

அப்பாவுக்கு 71 வயசு. திடீர்னு குளிர் ஜுரம், யூரின் போறப்ப எரிச்சல், ஆஸ்பத்திரில சேத்தோம். அன்னைக்கே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி ஆரம்பிச்சுட்டாங்க, யூரின் கல்ச்சருக்கும் அனுப்பியாச்சு, ரிப்போர்ட் வர மூணு நாள் ஆகும்னாங்க. அந்த மூணு நாளும் ஜுரம் எறங்கவே இல்ல, ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்து நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு இருந்தேன். மூணாவது நாள் சாயங்காலம் ரிப்போர்ட் வந்துச்சு. ஈ.கோலைங்கிற பாக்டீரியா, ஈஎஸ்பிஎல் பாசிட்டிவ் (நிறைய ஆன்டிபயாடிக்கை உடைச்சுப் போடுற என்சைம் அதுகிட்ட இருக்காம்), மருந்து லிஸ்ட்ல பாதிக்கு மேல 'ஆர்'னு, அதாவது ரெசிஸ்டன்ட், மருந்துக்குக் கேக்காதுன்னு போட்டிருந்துச்சு, அப்பாவுக்கு அதுவரைக்கும் ஏத்திட்டு இருந்த மருந்தும் அதுல ஒண்ணு. மருந்தை மாத்தினாங்க, ஒன்றரை நாள்ல ஜுரம் விட்டுருச்சு. இப்ப நல்லா இருக்கார்.

இது நடந்துட்டு இருக்கும்போதே வயல்ல பயறு விதைச்சிருந்தோம். யூரியாவைக் குறைக்கணும்னு இந்தத் தடவை ரைசோபியம் பாக்கெட் வாங்கி விதைநேர்த்தி பண்ணேன், பயறு வேர்ல முடிச்சு வச்சு காத்துல இருக்குற நைட்ரஜனைச் செடிக்குக் குடுக்குற பாக்டீரியா அது. 40 நாள் கழிச்சு அஞ்சாறு செடியப் புடுங்கிப் பாத்தா, ஒரு வேர்ல மூணு முடிச்சு, இன்னொண்ணுல ஒண்ணு, மத்ததுல சுத்தமா இல்ல.

இப்ப என் கேள்வி. பாக்டீரியாவக் கண்டுபுடிச்சு இத்தன காலம் ஆச்சு, இன்னும் ஏன் அது வளர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்? ஒரு பாக்கெட்ல அடைச்சுக் குடுக்குற பாக்டீரியா ஏன் ஒரு வயல்ல வேலை செய்யுது, இன்னொரு வயல்ல செய்ய மாட்டேங்குது? புதுசா அது கண்டுபுடிச்சாங்க இது கண்டுபுடிச்சாங்கன்னு தினமும் நியூஸ் வருது, அதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் வயல் வரைக்கும் வருதா, இல்ல பேப்பரோட நின்னுருதா? கோவத்துல கேக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

கல்ச்சர்பிளேட் எழுதினது:

அப்பா தேறிட்டார்னு கேக்கவே நிம்மதியா இருக்கு தம்பி. நான் 16 வருஷமா ஆஸ்பத்திரி மைக்ரோபயாலஜி லேப்ல வேலை பாக்குறேன், அந்த மூணு நாள் எங்களுக்கு எப்படிப் போகும்னு சொல்றேன்.

முதல் நாள் யூரினை ஒரு அளவு கம்பி வளையத்துல தொட்டு அகார் பிளேட்ல, அதாவது பாக்டீரியாவுக்குச் சாப்பாடு கலந்த ஜெல்லித் தட்டுல, கோடு கோடா இழுத்து 37 டிகிரில வச்சிருவோம். ஈ.கோலைக்கு நல்ல சாப்பாடும் சூடும் கிடைச்சா சுமார் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டா பிரியும், அப்ப ஏழு மணி நேரத்துல 21 தடவை, ஒரே ஒரு பாக்டீரியா 20 லட்சத்தைத் தாண்டிரும், ஆனாலும் கண்ணுக்குத் தெரியிற புள்ளியா வளர ஒரு ராத்திரி வேணும். அந்தப் புள்ளியத்தான் காலனின்னு சொல்றோம். ரெண்டாவது நாள் காலையில காலனிகளை எண்ணுவோம், பொதுவா ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல இருந்தா அது வெளியில இருந்து ஒட்டிக்கிட்டு வந்தது இல்ல, உள்ளேயே இன்ஃபெக்‌ஷன்னு எடுத்துக்குவோம், அப்புறம் அது எந்த பாக்டீரியான்னு பாத்து, தனியா ஒரு காலனிய எடுத்து இன்னொரு பிளேட்ல பூசி மேல மருந்து டிஸ்க் வைப்போம். மறுபடியும் ஒரு ராத்திரி. மூணாவது நாள் ஒவ்வொரு டிஸ்க்கச் சுத்தியும் பாக்டீரியா வளராத வட்டம் எவ்வளவு பெருசுன்னு ஸ்கேல் வச்சு அளப்போம். வட்டம் சின்னதா இருந்தாலோ இல்லாமப் போனாலோ 'ஆர்'. 1928-ல ஃப்ளெமிங் தன்னோட பிளேட்ல பூஞ்சையச் சுத்திப் பாத்தாரே ஒரு காலி எடம், அதே காலி எடத்தைத்தான் நாங்க தினமும் மில்லிமீட்டர்ல அளந்துட்டு இருக்கோம்.

இதுல எது வேகமாயிருக்கு எது ஆகலன்னு பிரிச்சுப் பாக்கணும். எந்த பாக்டீரியான்னு கண்டுபுடிக்கிறது ரொம்ப வேகமாயிருச்சு. மால்டி-டாஃப்னு ஒரு மெஷின், காலனிய ஒரு தகட்டுல தடவி லேசர் அடிச்சா அதோட புரோட்டீன் எல்லாம் எடை வாரியா பிரிஞ்சு வரும், சில நிமிஷத்துல பேரு தெரிஞ்சுரும். டிபி-ல இன்னும் பெரிய மாத்தம். டிபி பாக்டீரியா ஒரு தடவை பிரியவே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கும், கல்ச்சர் பண்ணா வாரக்கணக்குல காத்திருக்கணும், இப்ப சளிய ஒரு கார்ட்ரிட்ஜ்ல ஊத்தி வச்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள டிபி இருக்கா, ரிஃபாம்பிசின்ங்கிற முக்கியமான டிபி மருந்துக்குக் கேக்குமா கேக்காதான்னு சொல்லிரும், உலக சுகாதார நிறுவனம் 2010-ல அதை ஏத்துக்குச்சு. அதுக்குள்ள நடக்குறது பிசிஆர், டிஎன்ஏ துண்டை சுத்து சுத்தா சூடாக்கி ஆறவச்சு ஏகப்பட்ட நகல் எடுக்கிற முறை. அந்த பிசிஆர் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா உங்க கேள்விக்குப் பாதி பதில் கிடைச்சுரும்னு நினைக்கிறேன்.

1960-கள்ல தாமஸ் பிராக்னு ஒருத்தர் அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊத்துகள்ல எதாவது உயிர் வாழுதான்னு தேடிட்டு இருந்தார். நோய், மருந்து எதுவும் மனசுல இல்ல, அவ்வளவு சூட்டுல எப்படி வாழுதுன்னு தெரிஞ்சுக்கணும் அவ்வளவுதான். 70 டிகிரி சூட்டுல நல்லா வளர்ற ஒரு பாக்டீரியாவக் கண்டுபுடிச்சு 1969-ல தெர்மஸ் அக்வாட்டிகஸ்னு பேர் வச்சு வெளியிட்டார். 1983-ல கேரி முல்லிஸ் பிசிஆர் யோசனையக் கொண்டுவந்தப்ப ஒரு பெரிய சிக்கல், டிஎன்ஏ இழைகளைப் பிரிக்க ஒவ்வொரு சுத்துலயும் 90 டிகிரிக்கு மேல சூடாக்கணும், அந்தச் சூட்டுல என்சைம் செத்துப் போயிரும், ஒவ்வொரு சுத்துக்கும் புதுசா ஊத்தணும். பிராக்கோட வெந்நீர் பாக்டீரியா என்சைமைப் போட்டாங்க, அது சூட்டுல சாகல, மெஷின் தானா ஓட ஆரம்பிச்சுச்சு. டிபி கார்ட்ரிட்ஜ், எச்ஐவி வைரல் லோட், கொரோனா டெஸ்ட் எல்லாத்துக்கும் அடியில இந்த மாதிரி சூடு தாங்குற என்சைம்தான் இருக்கு. அந்த ஊத்து ஓரத்துல அவர் நின்னப்ப இதை யாரும் எழுதிக் குடுத்திருக்க முடியாது.

அப்புறம் ஏன் உங்க அப்பாவுக்கு மூணு நாள்? ஏன்னா எந்த மருந்துக்குச் சாகும்ங்கிறதைத் தெரிஞ்சுக்க இன்னைக்கும் நம்பகமான வழி அதை மருந்தோட வளரவிட்டுப் பாக்குறதுதான். ரெசிஸ்டன்ஸ் ஜீன் இருக்கான்னு பிசிஆர்ல பாக்கலாம், ஆனா நாம தேடுன ஜீன் இல்லாமலும் வேற வழியில அது மருந்தைத் தாங்கலாம், ஜீன் இருந்தும் அது வேலை செய்யாமலும் இருக்கலாம். கேமராவும் மைக்ரோஸ்கோப்பும் வச்சு வளர்ச்சிய சில மணி நேரத்துலயே கவனிக்கிற மெஷின்கள் வந்துருக்கு, ரத்தத்துல இன்ஃபெக்‌ஷன் பரவினவங்களுக்கு சில எடங்கள்ல பயன்படுத்துறாங்க, சாதாரண லேப் வரைக்கும் இன்னும் வரல. இந்த எடத்துல ஆராய்ச்சி இன்னும் வேகமா வரணும்னு நானும் ஆசைப்படுறேன், ஏன்னா அந்த மூணு நாள்ல ஃபோன் பண்ணி ரிப்போர்ட் வந்துருச்சான்னு கேக்குற குரல் எல்லாம் எனக்குத்தான் கேக்கும்.

வேர்முடிச்சு எழுதினது:

வரப்போரம் அண்ணே, நான் மண்ணு பாக்டீரியாவுல ஆராய்ச்சி பண்ற ஆளு, வயல் பக்கத்துக்கு நான் பதில் சொல்றேன். முதல்ல ஒரு கேள்வி, அந்த மூணு முடிச்சை நகத்துல கிள்ளிப் பாத்தீங்களா? உள்ள ரோஸ் கலர்ல இருந்தா அது வேலை செய்யுது. வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா ஒண்ணு இன்னும் ஆரம்பிக்கல, இல்ல முடிஞ்சுபோச்சு. அந்த ரோஸ் கலர் லெக்ஹீமோகுளோபின், நம்ம ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்கார புரோட்டீன். காத்துல இருக்குற நைட்ரஜனை உடைக்கிற என்சைம் பேரு நைட்ரோஜினேஸ், ஆக்சிஜன் பட்டா அது கெட்டுப்போயிரும், ஆனா பாக்டீரியா மூச்சு விட ஆக்சிஜன் வேணும், அதனால செடி இந்தப் புரோட்டீனை வச்சு ஆக்சிஜனை அளந்து அளந்து உள்ள விடுது. ஃபேக்டரில இதே நைட்ரஜனை அமோனியாவா மாத்த 400 டிகிரிக்கு மேல சூடும் நூறு மடங்குக்கு மேல காத்தழுத்தமும் வேணும், உங்க வயல்ல மண்ணோட சூட்டுல நடக்குது. எனக்கு எத்தனை வருஷம் ஆனாலும் முடிச்சைக் கிள்ளிப் பாக்குறப்ப ஆச்சரியம் போக மாட்டேங்குது.

சரி, ஏன் உங்க வயல்ல வரல? நேர்ல பாக்காம ஒரே காரணம்னு சொல்ல முடியாது, வழக்கமா நாங்க எதையெல்லாம் சந்தேகப்படுவோம்னு சொல்றேன்.

பாக்கெட்டுக்குள்ள இருக்குறது உயிர், அது உரம் மாதிரி மூட்டையில கிடக்காது. ஒரு கிராம்ல கோடிக்கணக்குல உயிரோட இருக்கணும், வெயில் படுற எடத்துலயோ சூடான குடோன்லயோ கொஞ்ச நாள் கிடந்தா பெரும்பகுதி செத்துரும், வெளியில பாக்க அதே கருப்புப் பொடிதான், வித்தியாசமே தெரியாது. அடுத்தது ஜோடிப் பொருத்தம். வேர் ஒரு ரசாயனத்தைக் கசிய விடும், அதைப் புரிஞ்சுக்கிற ரைசோபியம் மட்டும் பதிலுக்கு ஒரு சிக்னல் அனுப்பும், ரெண்டும் பொருந்துனாத்தான் வேர் உள்ள விடும், ஒரு பயறுக்கு உள்ள ரகத்தை இன்னொண்ணுக்குப் போட்டா கதவே திறக்காது. மூணாவதா பூஞ்சைக்கொல்லி. விதைக்கு மருந்து தடவின கையோட ரைசோபியத்தையும் தடவினா அந்த மருந்தே பாக்டீரியாவையும் கொல்ல வாய்ப்பு இருக்கு. அப்புறம் ரொம்பப் பேர் யோசிக்காத ஒண்ணு, மண்ணுல ஏற்கனவே நைட்ரஜன் நிறைய கிடந்தா செடியே முடிச்சு வைக்காது. ஏன்னா பாக்டீரியாவுக்குச் சக்கரை குடுத்து வளக்கணும், ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க 16 ஏடிபி (செல்லோட சக்திக் காசு மாதிரி) செலவாகும், சும்மா கிடைக்கிறப்ப செடி ஏன் அவ்வளவு செலவு பண்ணப் போகுது? முந்தின பயிருக்கு யூரியா நிறைய போட்டிருந்தீங்களா?

இன்னொரு சிக்கல்தான் எங்களை ரொம்ப வருஷமா அலைய விடுது. உங்க மண்ணுல ஏற்கனவே குடியிருக்கிற ரைசோபியம். அது எண்ணிக்கையில அதிகம், அந்த மண்ணுக்குப் பழகினது, வேருக்கு முதல்ல போய்ச் சேந்துரும், ஆனா நைட்ரஜன் குடுக்குறதுல சோம்பேறியா இருக்கலாம். லேப்ல தொட்டில நம்பர் ஒண்ணா இருந்த ரகம் வயலுக்குப் போனா எடமே கிடைக்காம போறது இதனாலதான். போட்டியில ஜெயிக்கவும் செய்யணும், நைட்ரஜனும் குடுக்கணும், சூடும் தாங்கணும், மூணும் ஒரே ரகத்துல கிடைக்கிறது அபூர்வம்.

ஆனா இது வயலுக்கு வராத ஆராய்ச்சின்னு மட்டும் சொல்லிராதீங்க. முடிச்சுக்குள்ள பாக்டீரியா இருந்துதான் நைட்ரஜன் வருதுன்னு ஹெல்ரீகல் 1886-ல சொன்னார், 1888-ல பெய்ஜெரிங்க் அதைத் தனியாப் பிரிச்சு வளத்துக் காட்டினார். பிரேசில்ல ஜொஹன்னா டோபரைனர்னு ஒரு அம்மா, சோயாவுக்கு நைட்ரஜன் உரத்தைக் கொட்டுறதுக்குப் பதிலா பாக்டீரியாவ நம்பி ரகங்களைத் தேர்ந்தெடுங்கன்னு 1960-கள்லயே விடாம வாதாடினாங்க. அப்ப யாரும் பெருசா நம்பல. இன்னைக்கு உலகத்துலயே அதிகமா சோயா விளைவிக்கிற நாடுகள்ல ஒண்ணு பிரேசில், அங்க சோயாவுக்குப் பெரும்பாலும் நைட்ரஜன் உரமே போடுறதில்ல, விதையோட பாக்டீரியாதான். அவங்களுக்கு அது நடந்ததுக்குக் காரணம் சோயா அந்த மண்ணுக்குப் புதுசு, அதுக்குப் பொருந்துற உள்ளூர் பாக்டீரியா மண்ணுல பெருசா இல்ல, போட்டி இல்ல, அதோட மண்ணுக்கேத்த ரகமா பொறுக்கி எடுத்தாங்க. பாக்கெட்டை மட்டும் காப்பியடிச்சா வராது, அந்தப் பொறுக்கி எடுக்குற வேலைய ஒவ்வொரு மண்ணுக்கும் செய்யணும்.

யூரியாவைக் குறைக்கணும்னு நீங்க நினைச்சது ரொம்ப சரி. போடுற நைட்ரஜன்ல சுமாரா பாதிதான் பயிருக்குப் போகுது, மிச்சத்துல ஒரு பங்கு தண்ணில கரைஞ்சு போகும், ஒரு பங்கை வேற பாக்டீரியா பிடிச்சு நைட்ரஸ் ஆக்சைடா காத்துல விட்டுரும், அது நூறு வருஷக் கணக்குல பாத்தா கார்பன் டையாக்சைடை விட 273 மடங்கு சூட்டைப் புடிச்சு வைக்கிற வாயு.

நேர்கேள்வி எழுதினது:

ரெண்டு பேரும் நல்லா விளக்கினீங்க, ஆனா வரப்போரம் கேட்டதை நான் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேக்குறேன். பாக்டீரியாவ சாப்பிடுற வைரஸ், அதான் ஃபேஜ், அதை டெரெல் 1917-ல கண்டுபுடிச்சார், டிபிலிசில 1923-ல அதுக்குன்னே இன்ஸ்டிடியூட் வந்துச்சு. நூறு வருஷம் தாண்டிருச்சு, எத்தனை ஆஸ்பத்திரில ஃபேஜ் கிடைக்குது? 2016-ல அமெரிக்காவுல சான் டியேகோவுல எந்த மருந்துக்கும் கேக்காத இன்ஃபெக்‌ஷனோட கோமாவுக்குப் போன ஒருத்தரை ஃபேஜ் குடுத்துக் காப்பாத்தினாங்க, அப்பவும் அது அவசர அனுமதி வாங்கி நடந்த ஒண்ணுதான்.

புது ஆன்டிபயாடிக் கதை இன்னும் மோசம். அகாவோஜென்னு ஒரு கம்பெனி, பிளாசோமைசின்னு ஒரு மருந்து, அதுவும் இதே மாதிரி ரெசிஸ்டன்ட் யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு, 2018-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கினாங்க, 2019 ஏப்ரல்ல திவாலாயிட்டாங்க. மருந்து வேலை செய்யாம இல்ல, புது ஆன்டிபயாடிக்கை டாக்டருங்க பத்திரமா பொத்தி வச்சு கடைசிலதான் எடுப்பாங்க, அப்படித்தான் எடுக்கணும், ஆனா விக்காத மருந்தை வச்சு எந்தக் கம்பெனி நிக்கும்? ஆக கண்டுபுடிப்பு பத்தாதுங்கிறது மட்டும் பிரச்சனை இல்ல, கண்டுபுடிச்சதைக் கட்டில் வரைக்கும் தூக்கிட்டு வர்ற வழி ஒடஞ்சு கிடக்கு. பிரிட்டன்ல 2022-ல ரெண்டு மருந்துக்கு எவ்வளவு பயன்படுத்தினாலும் வருஷத்துக்கு ஒரே தொகைன்னு சந்தா மாதிரி குடுக்க ஆரம்பிச்சாங்க, அந்த மாதிரி எதாவது எல்லா எடத்துலயும் வந்தாதான் வேர்முடிச்சு மாதிரி ஆளுங்க உழைப்புக்கு அர்த்தம் இருக்கும்.

நீர்மாதிரி எழுதினது:

நேர்கேள்வி சொன்ன ஒடஞ்ச வழி உண்மைதான், மருந்து விஷயத்துல. ஆனா மைக்ரோபயாலஜின்னா மருந்து மட்டும்னு நினைச்சா பாதிய விட்டுருவோம். நான் சாக்கடைத் தண்ணில கிருமி தேடுற லேப்ல இருக்கேன், எங்க வேலை நல்லா நடந்தா எந்தக் கட்டில்லயும் யாரும் படுக்க மாட்டாங்க, அதனால யார் கண்ணுக்கும் தெரியாது.

2022-ல லண்டன் சாக்கடைத் தண்ணில போலியோ வைரஸ் தட்டுப்பட்டுச்சு. வாரக்கணக்குல எடுத்த மாதிரிகளோட ஜீன் வரிசையப் படிச்சா ஒண்ணுக்கொண்ணு சொந்தம், அதாவது யாரோ ஒருத்தர் வெளியூர்ல இருந்து கொண்டுவந்து போன வைரஸ் இல்ல, ஊருக்குள்ள ஆளுக்கு ஆள் பரவிட்டு இருக்கு. ஒரு குழந்தைக்குக்கூட கால் வராமப் போறதுக்கு முன்னாடியே 1 வயசுல இருந்து 9 வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு கூடுதல் தடுப்பூசி போட்டாங்க.

காலராவ எடுத்துக்கோங்க. கிருமியக் காட்டினது கோக், 1884-ல, கல்கத்தாவுல. ஆனா அது எப்படி ஆளைக் கொல்லுதுன்னு 75 வருஷம் கழிச்சு அதே கல்கத்தாவுல சம்புநாத் டே காட்டினார், முயல் குடல்ல சோதனை பண்ணி, 1959-ல, பாக்டீரியாவே இல்லாம வடிகட்டின திரவத்தை மட்டும் விட்டாலும் குடல்ல தண்ணி கொட்டுதுன்னு. கிருமி குடலை அரிக்கல, அதோட நச்சு குடலோட தண்ணிக் கணக்கை மாத்துதுன்னு புரிஞ்சுச்சு. அந்த நச்சு சக்கரையையும் உப்பையும் சேத்து உறிஞ்சுற வழிய ஒண்ணும் செய்யல, அது திறந்தே கிடக்கு. 1971-ல வங்கதேச அகதி முகாம்ல திலீப் மகலானபிஸ் சக்கரை உப்புக் கரைசலை வாளில கரைச்சு சொந்தக்காரங்க கையாலயே குடிக்க வச்சார், 30 சதவீதம் வரைக்கும் போயிட்டு இருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழ எறங்குச்சு. விக்காத மருந்து, கம்பெனி திவால் எந்தக் கதையும் இதுல இல்ல.

டெங்குல இப்ப நடக்குறது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. வொல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா, 1924-ல கொசுவுக்குள்ள பாத்தாங்க, நிறைய பூச்சிக்குள்ள குடியிருக்கு, ஆனா டெங்குவைப் பரப்புற ஏடிஸ் எஜிப்தி கொசுவுல இயற்கையா கிடையாது. பழ ஈல இருந்து எடுத்து அந்தக் கொசுவுக்குள்ள குடியேத்தினாங்க. அது உள்ள இருந்தா டெங்கு வைரஸ் கொசுவுக்குள்ள சரியா வளராது. இன்னொரு பக்கம் வொல்பாக்கியா உள்ள ஆண் கொசு, வொல்பாக்கியா இல்லாத பெண் கொசுவோட சேந்தா முட்டை பொரிக்காது, வொல்பாக்கியா உள்ள பெண்ணுக்கு யாரோட சேந்தாலும் முட்டை பொரிக்கும், அதனால தலைமுறை தலைமுறையா அதுவே பரவிரும், மருந்தடிக்கிற மாதிரி வருஷா வருஷம் ஆரம்பத்துல இருந்து தொடங்க வேண்டியதில்ல. இந்தோனேசியாவுல யோக்யகார்த்தாவுல ஊரைத் துண்டு துண்டாப் பிரிச்சு சோதனை பண்ணாங்க, இந்தக் கொசுவை விட்ட பகுதில டெங்கு 77 சதவீதம் குறைவு.

கடைசியா, வயலும் ஆஸ்பத்திரியும் தனித்தனின்னு நினைக்கிறவங்களுக்கு. பூஞ்சை இன்ஃபெக்‌ஷனுக்கு ஆஸ்பத்திரில குடுக்குற ஏசோல் மருந்தும், பயிர்ல பூஞ்சைக்கு அடிக்கிற ஏசோலும் ஒரே குடும்பம். நெதர்லாந்துல அந்த மருந்தை வாழ்க்கைல தொடாத நோயாளிங்க நுரையீரல்ல ஏசோலுக்குக் கேக்காத ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வந்துச்சு, தேடிப் போனா பூக்கிழங்கு கழிவுக் குவியல்ல அதே மாதிரி ரெசிஸ்டன்ஸ். காத்துல வந்த பூஞ்சை வித்து.

வரப்போரம் எழுதினது:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு தடவை படிச்சேன். வேர்முடிச்சு, நேத்து மறுபடி போய் கிள்ளிப் பாத்தேன், இருந்த முடிச்சு எல்லாம் உள்ள ரோஸாத்தான் இருந்துச்சு, ஆனா பக்கத்து வரப்புல தானா முளைச்ச பயறுலயும் அதே மாதிரி ரெண்டு மூணு இருந்துச்சு, அதுக்கு நான் எதுவும் தடவல. அப்ப அது பாக்கெட் முடிச்சே இல்லையா? முந்தின பயிருக்கு யூரியா ஆமா, நிறையவே போட்டேன். பூஞ்சைக்கொல்லியும் அன்னைக்கே, அடுத்தடுத்து.

கல்ச்சர்பிளேட் அக்கா, நீர்மாதிரி எழுதினதைப் படிச்சதும் ஒண்ணு மனசை அரிக்குது. எங்ககிட்ட மாடு இருக்கு, நோய் வந்தா ஆன்டிபயாடிக் போட்டிருக்கோம். அப்பாவுக்கு வந்த ரெசிஸ்டன்ஸ் எங்க தொழுவத்துல இருந்து வந்திருக்குமா?

கல்ச்சர்பிளேட் எழுதினது:

தம்பி, அந்த பாரத்தை நீங்க தூக்க வேண்டாம். நோய் வந்த மாட்டுக்கு டாக்டர் சொல்லி மருந்து போடுறது வைத்தியம். உலகம் பூரா பிரச்சனையா பேசுறது நோயே இல்லாத கால்நடைக்கு வளரணும்னு தீவனத்துல தினமும் கலக்குறதை. சீனாவுல 2015-ல கோலிஸ்டின் மருந்தைத் தாங்குற எம்சிஆர்-1 ஜீனைப் பன்றிலயும் மனுஷங்கள்லயும் கண்டுபுடிச்சாங்க, அது ஒரு பாக்டீரியால இருந்து இன்னொண்ணுக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிட்ங்கிற சின்ன டிஎன்ஏ வளையத்துல உக்காந்திருந்துச்சு, கோலிஸ்டின்னா எங்களுக்குக் கடைசிக் கைப்பிடி. 2017-ல தீவனத்துல கலக்குறதை நிறுத்தினாங்க. ஐரோப்பாவுல வளர்ச்சிக்காகக் கலக்குறதை 2006-லயே முழுசா தடை பண்ணியாச்சு.

அப்பாவுக்கு வந்தது எங்கிருந்துன்னு ஒரு ரிப்போர்ட்டை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஈஎஸ்பிஎல் பத்தி ஒண்ணு சொல்றேன். உலகத்துல இப்ப பரவிக் கிடக்கிற ஈஎஸ்பிஎல் ஜீன்கள்ல முக்கியமான குடும்பம் சிடிஎக்ஸ்-எம், அதோட மூலம் க்ளைவெராங்கிற பாக்டீரியாவோட குரோமோசோம், அது மண்ணுலயும் தண்ணிலயும் சாதாரணமா கிடக்கிறது. அங்க அது யாருக்கும் தொந்தரவில்லாம இருந்துச்சு, நாம மருந்தை மழையாக் கொட்டினப்ப அந்த ஜீன் பிளாஸ்மிட்ல ஏறி ஈ.கோலைக்குள்ள வந்துருச்சு. ரெசிஸ்டன்ஸ் நாம வர்றதுக்கு முன்னாடியே மண்ணுல இருந்தது, கனடாவுல யூகான்ல 30,000 வருஷப் பழைய உறைஞ்ச மண்ணுல இருந்தே பெனிசிலின் குடும்பத்தைத் தாங்குற ஜீனை எடுத்துக் காட்டிருக்காங்க, 2011-ல. பதிலும் அதே மண்ணுலதான். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல மண்ணு பாக்டீரியால இருந்து வந்துச்சு. ஈஎஸ்பிஎல் என்சைமைக் கட்டிப்போடுற கிளாவுலானிக் ஆசிடையும் ஸ்ட்ரெப்டோமைசிஸ்ங்கிற மண்ணு பாக்டீரியாதான் செய்யுது. மண்ணுல இருக்குறதுல 99 சதவீதம் எங்க பிளேட்ல வளரவே மாட்டேங்குது, அதை மண்ணுக்குள்ளயே வச்சு வளக்கிற ஒரு சின்னத் தட்டு செஞ்சு 2015-ல டெய்க்சோபாக்டின்னு புது வகை மருந்தை எடுத்தாங்க, இன்னும் ஆளுக்கு வரல, நான் அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்.

உங்களால ஆகுறது: அடுத்த தடவை அப்பாவுக்கு ஜுரம் வந்தா இந்த ரிப்போர்ட்டை முதல்ல காட்டுங்க, ஒரு தடவை ஈஎஸ்பிஎல் வந்தவங்கன்னு தெரிஞ்சா டாக்டர் முதல் நாளே வேற மருந்துல ஆரம்பிக்கலாம். அந்த மூணு நாள் மிச்சம். கடையில தானா ஆன்டிபயாடிக் வாங்கி ரெண்டு மாத்திரையோட நிறுத்துறது மட்டும் வேண்டாம்.

வேர்முடிச்சு எழுதினது:

அண்ணே, வரப்புச் செடிலயும் இருந்துச்சுன்னா அது பெரும்பாலும் உங்க மண்ணோட ஆளுங்கதான், பாக்கெட் ஆளு உள்ள போகவே இல்லன்னு தோணுது. யூரியா, பூஞ்சைக்கொல்லி ரெண்டும் சேந்து கதவை அடைச்சிருக்கு.

அடுத்த போகத்துல இப்படிப் பண்ணிப் பாருங்க. பூஞ்சைக்கொல்லி கட்டாயம் வேணும்னா அதை முன்னாடியே முடிச்சுருங்க, ரைசோபியத்தை விதைக்கிற அன்னைக்குக் கடைசியா தடவி நிழல்ல உலத்தி உடனே போட்டுருங்க, ரெண்டும் சேரக்கூடிய மருந்தான்னு பாக்கெட்ல போட்டிருக்கிறதைப் படிங்க. முடிஞ்சா பூஞ்சைக்கொல்லிக்குப் பதிலா டிரைக்கோடெர்மா, அது மத்த பூஞ்சையப் பிடிச்சு சாப்பிடுற பூஞ்சை, ரைசோபியத்தோட பெருசா சண்டை போடாது. நாலு வரிசைக்கு எதுவும் தடவாம விடுங்க, குச்சி நட்டு அடையாளம் வைங்க. 40-ம் நாள் ரெண்டு பக்கமும் பத்துப் பத்துச் செடிய மம்பட்டில மண்ணோட தோண்டி எடுங்க, புடுங்காதீங்க, இழுத்துப் புடுங்கினா முடிச்சு மண்ணுலயே அறுந்து நின்னுரும், போன தடவை நீங்க புடுங்கித்தான பாத்தீங்க, எண்ணிக்கையில கொஞ்சம் அங்கயே தங்கிருக்கலாம். தண்ணில அலசி எண்ணி இங்க போடுங்க, ரோஸ் எத்தனை வெள்ளை எத்தனைன்னு பிரிச்சு.

வரப்போரம் எழுதினது:

ஆமா, புடுங்கித்தான் பாத்தேன். நாளைக்கு மம்பட்டியோட போறேன்.